நாற்பத்தொன்பது நாள், பதினேழு மணி

கிளிஞ்சல்மேட்டுக் கோவிந்தராசுவுக்கு மூன்று பெண்கள் பிறந்து இரண்டு தங்கவில்லை. தங்கியது மூத்தது, ஜெயப்ரியா. கோவிந்தராசுவின் அண்ணனுக்கு ஒரே மகன், முகிலன். அண்ணனும் தம்பியும் ஒரே படகில் தொழிலுக்குப் போய், ஒரே வருஷத்தில் ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் ஆண் என்று மிஞ்சியது முகிலன் ஒருவன்தான். இதை முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும். அந்த ஊரில் பெண்ணுக்கு ஒரு வழக்கு என்றால் பெண் போய்ப் பஞ்சாயத்தில் நிற்பதில்லை. அவள் வீட்டு ஆண் எழுந்து பேச வேண்டும். ஜெயப்ரியாவுக்காகப் பேச வேண்டியவன் முகிலன். பிற்பாடு அவளுக்குப் பேச வேண்டிய நாள் வந்தபோது, பேச வேண்டியது அவனைப் பற்றியே. அவன் செத்துப் பதினாலு நாள் ஆகியிருந்தது.

ஜெயப்ரியா பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். படித்துவிட்டு அம்பத்தூரில் எடை மெஷின் செய்யும் ஒரு கம்பெனியில் ஐந்து வருஷம் இருந்தாள். எடை மெஷினுக்குள் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு உண்டு. அது என்ன செய்ய வேண்டும் என்பதை அதற்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுக்க வேண்டும். கம்பெனி சில்லை மாற்றும்போதெல்லாம் எழுதியது அத்தனையும் குப்பைக்குப் போகும், மறுபடி முதலிலிருந்து எழுதுவார்கள். அவளுக்கு அது பொறுக்கவில்லை. எழுதியதில் சில்லைத் தொடுகிற பகுதி கொஞ்சம், தொடாத பகுதி நிறைய. இரண்டையும் ஏன் ஒன்றாகப் போட்டுப் பிசைய வேண்டும் என்று கேட்டாள். "நீ சாலிடர் வை, போதும்" என்றார்கள்.

இரண்டாயிரத்து இரண்டில் கம்பெனி மூடிவிட்டது. ஒரு பெட்டியும் ஒரு பழைய கம்ப்யூட்டருமாக ஊர் வந்து சேர்ந்தாள். கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்து இரண்டு தடவையும் வாசலோடு திரும்பிப் போனது. அம்மா கனகாம்பாள் கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு நெரவிப் பக்கம் தெருத்தெருவாக நடந்து வருவாள். மகள் கூடத்தில் உட்கார்ந்து சாலிடர் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பாள்.

அவள் செய்தது படகுக்கு ஒரு பெட்டி. பெட்டிக்கு மூன்று வேலை. அடிக்கூட்டில் தண்ணீர் ஏறுகிறதா, எஞ்சின் சூடு ஏறுகிறதா, பேட்டரி இறங்குகிறதா என்று பார்த்துச் சத்தம் போட வேண்டும். சில்லு ஒன்றுதான், வேலை மூன்று. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் அது பார்க்கும். யாருக்கு இப்போது முறை, யார் எவ்வளவு நேரம் தூங்கலாம், யாரை எப்போது எழுப்ப வேண்டும் என்று கவனிக்க நடுவே ஒன்று வேண்டும். படித்தவர்கள் அதைக் கெர்னல் என்பார்கள். பெரிய கம்ப்யூட்டரில் அது மலை போல இருக்குமாம். இவள் எழுதியது பாக்குக் கொட்டை, இரண்டாயிரம் வரிகூட வராது. அதற்கு 'முறை' என்று பெயர் வைத்தாள். ஊரில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. அவர்களுக்கு அது ஜெயா பொட்டி.

முதல் பெட்டியைத் தன் படகில் ஏற்றியவன் முகிலன்தான். "என் தங்கச்சி செஞ்சதுடா, தொட்டீங்கன்னா கையிருக்காது" என்று சொல்லி, எஞ்சின் அறையில் அதற்கு ஒரு பலகை அடித்து, பொட்டும் வைத்தான். அந்தப் படகில் ஒரு தடவை அடியில் ஆணி விட்டுத் தண்ணீர் ஏறியபோது பெட்டி கத்திற்று. அதைக் கேள்விப்பட்டுப் பதின்மூன்று படகுக்காரர்கள் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று வந்து நின்றார்கள்.

அந்தச் சமயம் பார்த்து, அவள் வாங்கிக்கொண்டிருந்த சில்லு சென்னையில் கிடைக்காமல் போயிற்று. வேறு சாதிச் சில்லுதான் இருந்தது. அம்பத்தூரில் கேட்ட கேள்விக்கு இப்போது அவளே பதில் செய்து காட்ட வேண்டியிருந்தது. சில்லைத் தொடுகிற பகுதியை மட்டும் உரித்து எடுத்துவிட்டுப் புதிதாக எழுதினாள். ஒரு வேலையைப் பாதியில் நிறுத்தி இன்னொன்றுக்கு முறை கொடுக்கும்போது, நிறுத்தியவன் கையில் என்னென்ன வைத்திருந்தானோ அத்தனையும் பத்திரமாக எடுத்துவைக்க வேண்டும். ஒவ்வொரு சில்லுக்கும் கை எண்ணிக்கை வேறு, எடுத்துவைக்கும் இடம் வேறு. ஒரு மாதம் அதோடு மல்லுக்கட்டினாள். பெரிய எண்ணை இரண்டு துண்டாக வைக்கும்போது பழைய சில்லு பெரிய துண்டை முதலில் வைக்கும், புதியது சின்னதை முதலில் வைக்கும். இது அவளுக்குத் தெரியும். ஒரே ஒரு இடத்தில் மறந்துவிட்டாள்.

கடலுக்குப் போய்த் திரும்பிய முகிலன் வாசலில் நின்று சிரித்தான்.

"ஏ பொட்டிக்காரி, எஞ்சின் சூடு எவ்வளவு காட்டுது தெரியுமா? இருவதாயிரத்து நானூத்தி எம்பது!"

"எம்பதுண்ணே. எம்பதுதான் காட்டணும்."

"அந்த எம்பதும் கடைசில இருக்குடி. சூரியனையே புடிச்சுப் படகுல போட்டுட்டோம்னு பசங்க அது மேல சோத்துப்பானைய வைக்கப் போறானுவோ."

அவளும் சிரித்தாள். அன்றைக்கே சரி செய்தாள். இப்படிக் கண்ணுக்குத் தெரிகிற தப்பைப் பற்றிப் பயமே இல்லை.

கண்ணுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. தூங்குகிற வேலையை எழுப்ப வேண்டுமானால் கெர்னலுக்கு நேரம் தெரிய வேண்டும். அதனால் பெட்டிக்கு மின்சாரம் வந்த நொடியிலிருந்து அது எண்ணிக்கொண்டே இருக்கும். நொடிக்கு நூறு எண்ணிக்கை. எண்ணிவைக்க அதற்குக் கொடுத்த இடம் நானூற்றுத் தொண்ணூற்றேழு நாளில் நிரம்பிவிடும். நிரம்பினால் மறுபடி சுழியத்திலிருந்து ஆரம்பிக்கும். அப்படி ஆரம்பிக்கும்போது கணக்கு குழம்பலாம். இதுவும் ஜெயப்ரியாவுக்குத் தெரியும். நோட்டில் அவள் கையெழுத்தில் இருக்கிறது: '497 நாள். அதற்குள் தடைக்காலம் வந்துவிடும். கவலை இல்லை.'

மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு அப்படித்தான் தோன்றும். சித்திரை பிறந்தால் நாற்பத்தைந்து நாள் விசைப்படகு கடலில் இறங்கக் கூடாது. எல்லாம் கரையேறும். பேட்டரியைக் கழற்றி வீட்டு மூலையில் வைப்பார்கள், பெட்டியும் அணையும். தடை முடிந்து சூடம் காட்டிப் படகை இறக்கும்போது எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கும். வருஷத்தில் ஒரு நாள்கூட நிற்காமல் ஓடுகிற சாமான் என்று ஒன்றை அந்தக் கரையில் அவள் பார்த்ததே இல்லை.

இரண்டாயிரத்து ஆறில் வலை இழுக்கிற வின்ச்சின் கயிறு சுற்றி இழுத்து முகிலனுக்கு வலது தோள் போயிற்று. கடல் தொழில் அதோடு சரி. கீழவாஞ்சூர்ச் சாலையில் மதார் சாகிப் நடத்திய ஐஸ் பேக்டரியில் மெஷின் பார்க்கிற வேலைக்குச் சேர்ந்தான். துறைமுகம் கட்டுகிற லாரிகள் இரவு பகலாக அந்தச் சாலையில்தான் ஓடும். ஐஸ் பேக்டரியில் குளிர வைப்பது அம்மோனியா. குழாயில் அடங்கி இருக்கும்வரை சாது. வெளியே வந்தால் கண், மூக்கு, நெஞ்சு எல்லாவற்றையும் எரித்துவிடும்.

முகிலன்தான் முதலாளியிடம் சொன்னான். மதார் சாகிப் ஆள் அனுப்பி ஜெயப்ரியாவை வரவழைத்தார்.

"படகுக்குத் தண்ணி பாக்குற மாதிரி இங்க வாடை பாக்கணும்மா. கசிஞ்சா சைரன் ஊதணும், கரண்டு கட்டாவணும். முடியுமா?"

"முடியும் பாய். சில்லு மட்டும் பெருசா வேணும்."

"எதா இருந்தாலும் வாங்கு. உள்ள பத்துப் பேரு நிக்கிறாங்க. எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

மூன்றாவது சில்லு முந்தின இரண்டையும் தூக்கிச் சாப்பிடுகிற வேகம். இந்தத் தடவை கெர்னலை மாற்ற அவளுக்குப் பன்னிரண்டு நாள்தான் பிடித்தது. சில்லைத் தொடாத பகுதியில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. அதில் அவளுக்குப் பெருமை. வேகமான சில்லு கைக்கு வந்துவிட்டதே என்று, நொடிக்கு நூறாக இருந்த எண்ணிக்கையை ஆயிரமாக்கினாள். எண்ணிவைக்கிற இடம் பழைய அளவுதான். நானூற்றுத் தொண்ணூற்றேழு நாள் என்பது நாற்பத்தொன்பது நாள் பதினேழு மணியாகச் சுருங்கிவிட்டது. நோட்டைப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். புரட்டவில்லை.

இரண்டாயிரத்து எட்டு, தடை முடிந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு ஐஸ் பேக்டரி மறுபடி ஓட ஆரம்பித்தது. கரண்டு போனாலும் அணையாதபடி பேட்டரி வைத்த புதுப் பெட்டியில் பச்சை விளக்கு சிமிட்டிற்று. எல்லாம் சரி என்பதற்கு அடையாளம் அது. முதல் மாதம் லேசாக வாடை அடித்தால்கூடச் சைரன் அலறும். "உன் பொட்டிக்கு வாய் அதிகம்டி, ஒரு நாளு துணிய வச்சு அடைக்கிறேன் பாரு" என்று முகிலன் பத்துப் பேர் நடுவில் சொல்லிச் சிரித்திருக்கிறான். சைரன் கம்பியை எலி கடித்தபோது அவனே முறுக்கி டேப் சுற்றினான். இரண்டும் பின்னால் அவன் கழுத்தைப் பிடித்தன.

ஆடி பதினோராம் நாள், மத்தியானம் இரண்டு மணி. குழாய் மூட்டு ஒன்று விட்டது. சைரன் ஊதவில்லை, கரண்டும் கட்டாகவில்லை. வெளியே நின்றவர்கள் வாடை வந்த பிறகுதான் ஓடினார்கள். ஐஸ் உடைக்கிற இடத்தில் சோமசேகரன் என்ற கூலியாள் விழுந்து செத்துக் கிடந்தான். மெஷின் அறையில், முகத்தில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு, இடது கையில் ஸ்பானரோடு, வால்வுக்கு ஒரு முழம் தள்ளி முகிலன் கிடந்தான். தலைக்கு மேலே பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் அதிகாரிகள் ஜெயப்ரியாவைக் கூட்டிப் போனார்கள். மின்சாரத்தை நிறுத்தி, பெட்டியையும் அணைத்து வைத்திருந்தார்கள். அவள் சுவிட்சைப் போட்டு, ஒரு பஞ்சில் அம்மோனியாவை நனைத்துக் காட்டினாள். சைரன் ஊரைத் தூக்கிற்று. "பெட்டி நல்லாத்தாங்க இருக்கு" என்று சொன்னாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். சொன்னதற்குக் கையெழுத்தும் போட்டாள்.

பெட்டி நன்றாக இருந்தால் சைரனை யார் அடக்கினது? டேப் சுற்றின கம்பியை எல்லோரும் பார்த்தார்கள். 'துணிய வச்சு அடைக்கிறேன்' என்று அவன் சொன்னதைப் பத்துப் பேர் கேட்டிருந்தார்கள். கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டான், கடைசியில் எழுந்து அவசரமாகச் சுற்றியிருக்கிறான் என்று கதை கட்டிவிட்டார்கள். சோமசேகரனின் அண்ணன்மார் நாலு பேரும் ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போனார்கள். ஊர்த் தலைவர் பஞ்சநாதன் நல்ல மனுஷர்தான். ஆனாலும் ஊர் சொன்னதை அவர் சொல்ல வேண்டும்: முகிலன் வீட்டோடு யாரும் புழங்கக் கூடாது, கருமாதிக்கு ஊர் போகாது.

கருமாதிக்கு ஊர் போகாவிட்டால் செத்தவன் அந்த ஊர்க்காரன் இல்லை என்று அர்த்தம். முகிலன் பெண்டாட்டி ஞானசௌந்தரி இரண்டு பிள்ளைகளோடு கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். ஒரே ஒரு தடவை கனகாம்பாளிடம் வாய் திறந்தாள்.

"அவரு தூங்க மாட்டாருத்த. தோளு வலியில ராத்திரியே தூங்காத மனுசன். பட்டப்பகல்ல தூங்கினாராம்."

அந்தச் சொல்லை அம்மா வந்து சொன்னதும் ஜெயப்ரியா பெட்டியைத் திருப்பி வாங்கி வந்து கூடத்தில் வைத்தாள். நாலு நாள் பார்த்தாள். ஒரு தப்பும் இல்லை. ஐந்தாம் நாள் பழைய நோட்டை எடுத்தாள். 'தடைக்காலம் வந்துவிடும். கவலை இல்லை.' தன் கையெழுத்தையே அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விரல் விட்டு எண்ணினாள். தடை முடிந்த மறுநாள் காலை ஆறு மணியிலிருந்து நாற்பத்தொன்பது நாள் பதினேழு மணி. ஆடி மூன்று. விபத்து நடப்பதற்கு எட்டு நாள் முன்னால்.

எண்ணிக்கையைக் கடைசிக்கு இரண்டு நிமிஷம் முன்னால் வைத்து ஓட்டிப் பார்த்தாள். எண்ணிக்கை நிரம்பிச் சுழியத்துக்கு வந்தது. வாடை பார்க்கிற வேலை, பெரிய எண் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, 'என் நேரம் இன்னும் வரவில்லை' என்று தூங்கிற்று. இனி நாற்பத்தொன்பது நாளைக்கு எழுந்திருக்காது. விளக்கைச் சிமிட்டுகிற வேலைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் எல்லாம் பழையபடி. அன்றைக்கு அதிகாரிகள் முன்னால் அவள் சுவிட்சைப் போட்டபோது, செத்துக் கிடந்ததை எழுப்பிக் காட்டிவிட்டுத்தான் நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். எலி கடித்த கம்பிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கனகாம்பாளிடம் சொன்னாள். கனகாம்பாள் கூடையைக் கீழே வைக்கவில்லை.

"யாருக்குத் தெரியும் இது?"

"எனக்குத்தாம்மா."

"அப்ப உள்ளயே வையி. செத்தவன் திரும்பப் போறதில்ல. இருக்குறது நாம ரெண்டு பேரு. நம்ம கதவைச் சாத்திட்டா கருவாடு எவ வாங்குவா?"

"அண்ணிக் கதவு சாத்திக் கெடக்கேம்மா."

கனகாம்பாள் கூடையோடு அடுப்படிக்குப் போனாள். அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

பதினாலாம் நாள் காலை கோயில் முன்பந்தலில் பஞ்சாயத்து கூடிற்று. மதார் சாகிப் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் மதிலுக்கு அந்தப் பக்கம். ஜெயப்ரியா பெட்டியையும் ஒரு கார் பேட்டரியையும் தூக்கிக்கொண்டு ஆண்கள் நடுவே வந்து நின்றாள். சோமசேகரனின் மூத்த அண்ணன் எழுந்துவிட்டான்.

"பொம்பளப் புள்ளைக்கு இங்க என்னா வேல? பேசுறதுக்கு ஆம்பள இருந்தா அனுப்பச் சொல்லுங்க."

"இருந்தாரு. நீங்க இப்ப வெலக்கி வச்சிருக்கீங்களே, அவருதான்" என்றாள் ஜெயப்ரியா.

பஞ்சநாதன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஏம்மா, ஊர்க் கட்டு உனக்குத் தெரியாதா? நீ பேசக் கூடாது."

"நான் பேசலை மாமா. பொட்டி பேசட்டும். ஊரு கேக்கட்டும்."

அவர் யோசித்தார். பெட்டி பேசக் கூடாது என்று ஊர்க் கட்டில் இல்லை. "சரி, வையி" என்றார்.

வரைபடம் நகலெடுக்கிற அம்மோனியா பிரிண்ட் கடையிலிருந்து வாங்கி வந்த பாட்டிலைத் திறந்து பக்கத்தில் காட்டினாள். சைரன் அலறிற்று, பந்தலில் இருந்த காகமெல்லாம் பறந்தன. அணைத்தாள். எண்ணிக்கையைக் கடைசிக்கு இரண்டு நிமிஷம் முன்னால் வைத்து ஓட்டினாள். "இப்ப அம்பதாம் நாளு வரப்போவுது. பேக்டரியில அது ஆடி மூணாம் தேதி வந்துச்சு" என்று மட்டும் சொன்னாள். இரண்டு நிமிஷம் ஆயிற்று. பிறகு பாட்டிலைக் காட்டினாள்.

சைரன் அலறிற்று.

யாரோ சிரித்தார்கள். "நல்லாத்தானேம்மா இருக்கு" என்றார் பஞ்சநாதன், இரக்கமாக. நாலு தடவை ஓட்டினால் ஒரு தடவை அது கெடாமல் தப்பிவிடும். எண்ணிக்கை திரும்புகிற அந்தக் கணத்தில் எந்த வேலை தூங்குகிறது என்பதைப் பொறுத்தது. அதை இவர்களுக்கு எப்படிச் சொல்வது? ஆறு வருஷம் ராப்பகலாய் உட்கார்ந்து செய்த சாமான். கெட்டுப்போ, கெட்டுப்போ, அண்ணனுக்காக ஒரு தடவை கெட்டுப்போ என்று அம்மன் சந்நிதியைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டாள்.

"இன்னொரு தடவ மாமா."

"போதும்மா, வெயிலு ஏறுது" என்றான் ஒருவன். மதார் சாகிப் நாற்காலியிலிருந்து எழுந்தார். "ரெண்டு உசிரு மவுத்தாயிருக்கு. ரெண்டு நிமிசம் இருக்க மாட்டீங்களா?" என்றார். உட்கார்ந்தார்கள்.

மறுபடி எண்ணிக்கையைத் தள்ளி வைத்து ஓட்டி, இரண்டு நிமிஷம் கழித்துப் பாட்டிலைக் காட்டினாள். சத்தமில்லை. இன்னும் கிட்டே கொண்டுபோனாள். பாட்டிலைப் பெட்டி மேலேயே சாய்த்தாள். முன்வரிசைக்காரர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். பச்சை விளக்கு சிமிட்டிற்று. நிதானமாக, ஒன்றுமே நடக்காதது போலச் சிமிட்டிற்று.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண்ணின் அழுகை கேட்டது. அது ஞானசௌந்தரி.

சோமசேகரனின் மூத்த அண்ணன் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டான்: "எட்டு நாளா இப்படியா இருந்துச்சு?"

"ஆமாண்ணே."

"முகிலன் தூங்கலை?"

"தூங்குனது இது. அவரு மூக்கால கண்டுபுடிச்சு வால்வை மூடப் போயிருக்காரு. கம்பியத் தொடலை."

பஞ்சநாதன் எழுந்து விலக்கை எடுத்துவிட்டதாகச் சொன்னார். பதினாறாம் நாள் கருமாதிக்கு ஊர் முழுக்கப் போயிற்று. சோமசேகரனின் அண்ணன்மாரும் போய் நின்றார்கள். கனகாம்பாள் வெற்றிலைத் தட்டோடு போனாள். பின்னால் வந்த ஜெயப்ரியாவை ஞானசௌந்தரி வாசலிலேயே நிறுத்தினாள்.

"அத்தை வரட்டும். நீ வராத ஜெயா. நீ செஞ்சதையும் கேட்டேன், சொன்னதையும் கேட்டேன். ரெண்டையும் ஒரு தட்டுல வச்சுத் திங்க எனக்குத் தெரியல."

ஜெயப்ரியா திரும்பி வந்துவிட்டாள்.

அந்த வாரத்திலேயே பதின்மூன்று படகுக்காரர்களும் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை என்று கனகாம்பாள் சொன்னாள். அந்தப் படகுப் பெட்டிகளுக்கு ஒரு குறையும் இல்லை. அவற்றின் எண்ணிக்கை தடைக்காலத்தைத் தாண்டாது. அதை இனி யாரிடம் சொல்வது? மதார் சாகிப் பேக்டரியை விற்றுவிட்டார். அதிகாரிகளிடம் போய் முன்பு போட்ட கையெழுத்து தப்பு என்று ஜெயப்ரியா எழுதிக் கொடுத்தாள். வழக்கு காரைக்கால் கோர்ட்டில் இன்னும் வாய்தாவில் நடக்கிறது.

தப்பைத் திருத்த ஒரே ஒரு வரிதான். 'எழுப்ப வேண்டிய எண் வந்துவிட்டதா' என்று பார்க்காமல், 'தூங்கப் போய் எவ்வளவு நேரம் ஆயிற்று' என்று கழித்துப் பார்த்தால் போதும். எழுதிவிட்டாள். ஆனால் எண்ணிக்கையை முன்னால் தள்ளி வைத்துப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. ஐஸ் பேக்டரிப் பெட்டியைக் கூடத்தில் வைத்து, சுழியத்திலிருந்து ஓட விட்டாள். கரண்டு போனாலும் நிற்காமல் இருக்கப் பேட்டரி கட்டினாள். நாள்காட்டியில் தாளைக் கிழிக்கும்போதெல்லாம் பச்சை விளக்கைப் பார்ப்பாள்.

ஐம்பது நாள் முடிந்த மறுநாள் காலை, அம்மா கூடையோடு கிளம்பிப் போன பிறகு, பாட்டிலைத் திறந்து பெட்டியிடம் கொண்டுபோனாள். சைரன் தெருவைக் கிழித்துக்கொண்டு அலறிற்று. அக்கம்பக்கத்துக் கதவு ஒன்றும் திறக்கவில்லை. எதிரே முகிலன் வீட்டுக் கதவு மட்டும் படாரென்று திறந்தது. ஞானசௌந்தரி அவிழ்ந்த தலையோடு வாசலுக்கு ஓடிவந்து, சத்தம் எங்கே என்று தெரியாமல் நாலாபக்கமும் பார்த்தாள். பிறகு ஜெயப்ரியாவையும் அவள் கையிலிருந்த பாட்டிலையும் பார்த்தாள்.

"இன்னிக்கிக் கத்துது" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.